அமலோற்பவத்தின் ஒரே வசனம்

எங்கள் அக்கா எத்தனை படத்தில் நடித்தாள் என்று இன்றைக்கும் யாராவது கேட்பார்கள். எண்ணிக்கை எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். ஒரு படத்திலும் அவள் உயிரோடு இல்லை. முதல் படத்தில் கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து பாறைமேல் நடந்து வந்தாள். அடுத்ததில் புளியமரத்திலிருந்து இறங்கினாள். அதற்கும் அடுத்ததில் ஒரு ஜமீன் மாளிகையின் மாடிப்படியில் மெழுகுவத்தியோடு நடந்தாள். எல்லாவற்றிலும் அதே வெள்ளைப் புடவை, அதே விரித்த தலை. முகத்தில் அப்பிய மாவைக் கழுவ அவள் படும் பாட்டை யாரும் கேட்டதில்லை.

"பேயா நடிச்சாங்களே, அவுங்க தங்கச்சியா நீங்க?" என்று கேட்கிறவர்கள் அவள் பேரையும் கேட்பதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவள் பேர் அமலோற்பவம். டிசம்பர் எட்டாம் தேதி, அமலோற்பவ மாதா திருநாளன்று, விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் பிறந்தாள். அமலம் என்றால் மாசில்லாதது. உற்பவம் என்றால் பிறப்பு. மாசில்லாமல் பிறந்தவள் என்று அர்த்தம். எங்கள் அப்பா பாக்கியசாமி விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ரயில் வராத நேரத்தில் யார் கிடைத்தாலும் நிறுத்திவைத்து இந்த அர்த்தத்தைச் சொல்லுவார். அமலா என்று யாராவது சுருக்கிக் கூப்பிட்டால் அவருக்குப் பொறுக்காது. "முழுசா கூப்புடு. வாய் வலிக்குதா?" என்பார். எனக்கு லூர்துசெல்வி என்று வைத்தவர் அதற்கு ஒருநாளும் அர்த்தம் சொன்னதில்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் இருக்கிறது.

அக்காவுக்கு நல்ல குரல். கோயிலில் செபமாலை சொல்ல அவளைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். கடைசி வரிசைவரை கேட்கும். எங்களைப் புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு, தயார் செய்த கன்னியாஸ்திரி மதர், ஆபத்துக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எப்படி என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். குழந்தை சாகக் கிடக்கிறது, பங்குச் சாமியார் பக்கத்தில் இல்லை என்றால், யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பேர் சொல்லி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் வாய்க்குள்ளே முணுமுணுத்தோம். அக்கா மட்டும் ஒரு துணிப்பொம்மையின் தலையை நனைத்து, பிளாட்பாரம்வரை கேட்கிற மாதிரி சொன்னாள். அது என்னுடைய பொம்மை. காயவே இல்லை, பூசணம் பிடித்துப் போனது.

ஐம்பத்து நாலில் மண்டகப்பட்டிலிருந்த எங்கள் சித்தி வீட்டுக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆயப் போயிருந்தோம். அங்கே குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறைமேல் சென்னையிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியிருந்தது. பேய் நடக்கிற காட்சி எடுக்க வேண்டும். கதாநாயகியம்மாள் பாறை சுடுகிறது என்று வேனை விட்டு இறங்கவில்லை. தூரத்தில் தெரியப்போகிற உருவம்தானே என்று டைரக்டர் வேடிக்கை பார்த்த கூட்டத்தில் உயரமான பெண்ணாகத் தேடினார். அக்கா உயரம். வெள்ளைப் புடவையைச் சுற்றிவிட்டார்கள். கண்ணைச் சிமிட்டாமல், காலை உதறாமல், சுடுபாறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். டைரக்டர் வாயைப் பிளந்துவிட்டார்.

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

"அமலோற்பவங்க."

"இந்தப் பேர் டைட்டில்ல ஓடி முடியறதுக்குள்ள இன்டர்வெல் வந்துடும்" என்றார். கூட்டமே சிரித்தது. அங்கேயே வேறு பேர் வைத்தார்கள். நிசாதேவி. நிசா என்றால் இரவாம்.

அப்பா கொதித்துப்போனார். "பட்டப்பகல்ல பொறந்த புள்ளைக்கு ராத்திரின்னு பேரு வைக்க இவன் யாரு?" என்று வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். ஆனாலும் கடைசியில் அனுப்பி வைத்தார். காரணம் அந்தக் குரல்தான். இன்றைக்குப் பேயாக நடந்தால் நாளைக்கு வசனம் பேசுவாள், அவள் குரலை ஊர் கேட்கும் என்று மனக்கோட்டை கட்டினார்.

பேய்க்கு ஏது வசனம்? சிரிப்பு மட்டும்தான். அந்தச் சிரிப்பையும் வேறொரு அம்மாள் ஸ்டுடியோவில் மைக் முன்னால் நின்று சிரித்துக் கொடுத்தார். அக்கா வாயைத் திறந்து மூட வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு படத்துக்கும் போய்க் கேட்டாள். கதாநாயகி வேஷமா கேட்டாள் பாவம்? பால்காரியாக வருகிறேன், வேலைக்காரியாக வருகிறேன், ஒரு வரி கொடுங்கள் என்றுதான் கேட்டாள். ஒரு கம்பெனிக்காரருக்கு மனம் இரங்கி நர்ஸ் வேஷம் கொடுத்தார். "டாக்டர் வந்துட்டாரும்மா" என்று ஒரே வசனம். அக்கா எங்களுக்கெல்லாம் அதை விதவிதமாகச் சொல்லிக் காட்டினாள். படம் வந்த முதல் நாள், ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துகொண்டு வெள்ளை உடுப்பில் அவள் நுழைந்ததும் பெண்கள் பக்கத்தில் ஒரே கூச்சல். நோயாளியின் கழுத்தைக் கடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கூச்சலில் வசனம் யார் காதிலும் விழவில்லை. மறுநாளே அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கல்யாணமும் அப்படித்தான் போனது. வளவனூரில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை. பேசி முடித்து, கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா டெண்டுக் கொட்டாயில் புளியமரத்துப் படத்தைப் பார்த்துத் தொலைத்தார். அதோடு சரி. அவர்கள் வீட்டிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

எனக்கு ஐம்பத்தொன்பதில் திண்டிவனத்தில் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் தொம்மை, ரைஸ் மில்லில் வேலை. தங்கமான மனுஷர். ஆனால் அவர் அம்மா சவுரியம்மாள் முன்னால் அவருக்கு நாக்கு எழும்பாது. திண்டிவனத்து டெண்டுக் கொட்டாயில் அக்கா நடித்த படம் எது வந்தாலும் என் பாடு பேஜார்தான். படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு ஜுரம் வரும். பயந்த பிள்ளைக்கு, யாரைப் பார்த்துப் பயந்ததோ அவர்கள் காலடி மண்ணை எடுத்து, உப்பு மிளகாயோடு சுற்றி நெருப்பில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வேதக்காரர்கள், இந்துக்கள் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. படத்தில் வந்த பேய்க்குக் காலடி மண்ணுக்கு எங்கே போவது? அக்கா என்னைப் பார்க்க எப்போது வருவாள் என்று தெருவே காத்துக்கொண்டிருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவள் நடந்து வருவாள். பின்னாலேயே பெண்கள் குனிந்து குனிந்து மண்ணை வழித்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள்.

அக்கா எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வாள், இதை மட்டும் பொறுக்க மாட்டாள். ஒருமுறை திரும்பி நின்று ஒரு பெண்ணின் கையைப் பிடித்துவிட்டாள்.

"நான் இன்னா உன் புள்ளய புடிச்சிக்கினா வெச்சிருக்கேன்? நான் பூசைக்கிப் போறவ, நன்மை வாங்கறவ. மண்ண கீழ போடு" என்றாள்.

"கோவிச்சிக்காதீங்கம்மா, பேயி. மூணு நாளா புள்ள தூங்கல" என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். பேயி என்பதுதான் அக்காவின் பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அக்கா கையை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து ரிக்‌ஷா இல்லாமல் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை.

வசனமும் இல்லை, கல்யாணமும் இல்லை, அப்பா வைத்த பேரும் இல்லை. கடைசியில் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். எனக்குப் பெண் பிறந்தால் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையை ஏந்தி அவள்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டும். ஞானத்தாயின் பேரைத்தான் எங்கள் பங்குக் கோயிலில் பெண்பிள்ளைக்கு வைப்பார்கள். "என்ன யாரும் அப்படிக் கூப்புடப் போறதில்ல செல்வி. உன் புள்ளயயாச்சும் கூப்புடட்டும்" என்றாள். கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அறுபத்தொன்றில் பெண் பிறந்தது. அக்கா வெள்ளை சாட்டின் சட்டை தைத்துக்கொண்டு சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். என் மாமியார் அந்தச் சட்டையைத் தொடக்கூட இல்லை.

"ஞானத்தாயா நிக்கறவள சாமியாரு இன்னா கேப்பாரு? பசாச விட்டுடறியான்னு கேப்பாரு. அதுக்கு இவ பதில் சொன்னா கோயிலே சிரிக்கும். எம் பொண்ணு மரியபுஷ்பம் நிக்கட்டும். அவ பேரையே வைக்கலாம்" என்றார்.

"அத்தை, அது வேஷங்க. நெசமா பசாசா இருந்தா கோயிலுக்குள்ளயே வர முடியாதுங்களே" என்றாள் அக்கா.

"அதுக்குத்தான் சொல்றேன், வராத."

நான் கத்தினேன். பிரசவித்த உடம்போடு எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவு கத்தினேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அவர் அம்மாவைப் பார்த்தார், சைக்கிளுக்குக் காற்று குறைவாக இருக்கிறது என்று வெளியே போனார். அவரைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கு வருத்தப்பட்ட மாதிரி என்றைக்கும் வருத்தப்பட்டதில்லை. அக்கா சட்டையை மடித்து என் தலைமாட்டில் வைத்தாள். மறுநாள் சாயங்கால பஸ்ஸுக்குப் புறப்படுகிறேன் என்றாள்.

மறுநாள் காலையில் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. மத்தியானம் இழுப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கைகால் விறைத்து, உதடு நீலம் பாரித்துப் போனது. என் வீட்டுக்காரர் டாக்டரைக் கூட்டிவர சைக்கிளில் பறந்தார். கோயிலுக்கு ஆள் அனுப்பினோம். சாமியார் விழுப்புரம் போயிருக்கிறார், பொழுது சாய்ந்துதான் வருவார் என்று பதில் வந்தது. என் மாமியார் என்ன செய்தார் தெரியுமா? ஒரு முறத்துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காலையில் அக்கா தண்ணீர் எடுக்க நடந்த தடத்தைத் தேடி மண்ணை வழிக்கப் போய்விட்டார். பிள்ளை என் மடியில் மூச்சு முட்டிக் கிடக்கிறது, வீட்டுப் பெரியவள் வாசலில் மண்ணை வழித்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா சொம்பை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேறு எதைச் செய்வது? ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளை போய்விட்டால் கல்லறைத் தோட்டத்துக்குள்ளே இடம்கூடக் கிடைக்காது, வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள்.

பிள்ளையின் தலையை இடது கையில் ஏந்தினாள். அவள் குரல் நடுங்கவில்லை. "அமலோற்பவம், பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை ஊற்றினாள். என் மடியெல்லாம் ஈரம். நான் ஆமென் சொல்வதற்குள் மாமியார் நெருப்பும் மிளகாயுமாக உள்ளே வந்து, வீடெல்லாம் புகைத்து, எல்லோரையும் இரும வைத்துவிட்டார். அந்த இருமலோடு டாக்டரும் வந்து சேர்ந்தார். புகையை வெளியேற்றச் சொல்லிச் சத்தம் போட்டார். ஊசி போட்டார், ஈரத்துணி போடச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் பிள்ளை பால் குடித்தது.

அவ்வளவுதான், ஊருக்குக் கொண்டாட்டம். டாக்டரின் ஊசியை யாரும் பேசவில்லை. ஊற்றிய தண்ணீரையும் பேசவில்லை. "காலடி மண்ண எடுத்துச் சுத்தின ஒடனே எறங்கிச்சி. அப்போ பேயி யாருன்னு தெரியுதுல்ல?" என்று என் மாமியார் தெருமுழுக்கச் சொன்னார். அக்கா சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டாள். என் பிள்ளை உயிர் பிழைத்த நாளில் என் அக்காவைப் பேய் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அழுது அழுது எனக்குப் பால் வற்றிப்போனது.

மாமியார் அதோடு விடவில்லை. சாமியாரிடமே போய் நின்றார். "அது ஞானஸ்நானமே இல்ல சாமி. வாயில இன்னா மொணமொணத்தாளோ, நான் கேக்கல. நீங்க மொதல்லேர்ந்து குடுங்க. மரியபுஷ்பம் நிப்பா, அவ பேரையே வைங்க" என்றார்.

சாமியார் யோசித்தார். "சரியாகக் கொடுத்திருந்தால் திரும்பக் கொடுக்கக் கூடாது. மீதிச் சடங்கைத்தான் செய்யலாம். சரியில்லை என்றால் நான் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுத்தவளே வந்து சொல்லட்டும்" என்றார்.

அக்கா வருவாளா என்று எனக்குச் சந்தேகம். வார்த்தை ஒன்று பிசகியது என்றால்கூட அவள் கொடுத்த பேர் போய்விடும். பிரசவத் தீட்டு கழிந்து நான் கோயிலுக்குப் போகலாம் என்று வீட்டில் விட்ட ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். ரிக்‌ஷாவில் வரவில்லை, செருப்புகூட இல்லாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தாள். எத்தனை பேர் மண்ணெடுத்தார்களோ, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பூசை முடிந்தும் யாரும் வெளியே போகவில்லை. படத்துக்கு வருகிற கூட்டம் மாதிரி நின்றார்கள். மரியபுஷ்பம் பட்டுப் புடவையில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள்.

"என்ன சொன்னாய்?" என்று சாமியார் கேட்டார்.

அக்கா கைகட்டி நின்று சொன்னாள். பேரையும் சொல்லி, வார்த்தைகளையும் சொன்னாள். சத்தம் போடவில்லை, ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. இத்தனை வருஷமாக அவள் வாயில் வேறொருத்தியின் சிரிப்பைக் கேட்டவர்கள், அன்றைக்குத்தான் அவள் குரலைக் கேட்டார்கள். குழந்தைகள்கூட அழவில்லை. எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"தண்ணீர் தலையில் பட்டதா?"

"பட்டுதுங்க சாமி. எம் மடி நனைஞ்சிடுச்சி" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். உன்னைக் கேட்கவில்லை என்பதுபோல் பார்த்தார்.

"இது ஞானஸ்நானம்தான். பிள்ளையின் பேர் அமலோற்பவம்" என்றார்.

"வேற பேரு வைக்கக் கூடாதுங்களா சாமி?" என்று மாமியார் கேட்டார்.

"முடிந்துபோனதம்மா."

மீதிச் சடங்குக்கு மாமியார் அக்காவைப் பக்கத்தில் விடவில்லை. மரியபுஷ்பம்தான் நின்றாள். பசாசை விட்டுவிடுகிறேன் என்று சொல்லும்போது அவள் கண் அக்கா பக்கம் போனது. யாரோ சிரித்தார்கள். ஞானத்தாயாக நிற்கிற கனவு அதோடு போனது. எனக்கு அங்கேயே மரியபுஷ்பத்தின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தோம். அவள் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பினாள். சென்னையில் மறுபடி ஒரு கிணறு காத்திருந்தது. நான் கொடுத்த என் செருப்பை வாசலில் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தூளியில் பிள்ளை வீறிட்டது. என் மாமியார்தான் ஆட்டிக்கொண்டிருந்தார். என்ன சொல்லி அமர்த்துவது என்று தெரியாமல் சற்று நேரம் உஸ் உஸ் என்றார். பிறகு வேறு வழியில்லாமல், "அமலோற்பவம், அழாத. அமலோற்பவம்" என்றார்.

"தோ வர்றேன் அத்தை" என்று அக்கா செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடி வந்தாள்.

மாமியார் தூளிக் கயிற்றைப் பிடித்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன்ன இல்ல. கொழந்தைய" என்றார்.

அக்கா நிலைப்படியிலேயே நின்றாள். "தெரியும் அத்தை. இன்னொரு வாட்டி கூப்புடுங்க" என்றாள்.